நீங்கள் வைத்த அளவுப் பெயர்கள்

நேற்று செல்வி உங்கள் மேசையில் புதிய போர்டுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் புகையின் மணம் சமையலறை வரை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். அந்த நாற்காலியில் நீங்கள் இல்லை என்பதை மறுபடியும் ஒருமுறை தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

செல்வி தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். நீங்கள் போனபின் நம் பட்டறைக்கு வந்த இன்ஜினியர். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “மேடம், ஸார் எழுதுன டைப்ஸ் ஃபைல் இருக்குல்லா? அந்த அளவுப் பேரெல்லாம் இப்பம் புரோகிராமச் சிப்புக்கு மாத்துத கம்பைலரே தருது, எல்லா ஊர்லயும் ஒரே பேர்ல. ஸாரோடத எடுத்துரட்டுமா?”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உங்களை நினைக்காமல் அதற்கு எப்படிப் பதில் சொல்வது?

பின்னலாடை மெஷின் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, ஒரு ரோலுக்கு உரிய சுற்று முடிந்ததும் அதை நிறுத்துவது உங்கள் போர்டின் வேலை. பழைய சிப் கடைகளில் கிடைக்காமல் போனதும், அதே புரோகிராமைப் புதிய சிப்பில் ஏற்றி நெருப்பெரிச்சல் ஊரில் ஒரு பனியன் யூனிட்டுக்குக் கொடுத்தீர்கள். சில நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு முதலாளி போன் செய்தார். “ஏனுங்ணா, உங்க போர்டுக்கு நிக்கவே தெரியலீங்களே! ரோலு கன்னுக்குட்டியாட்டம் ஆயிருச்சுங்க!”

அன்று சாப்பிடாமல் திரையின் முன் உட்கார்ந்தீர்கள். காரணம் பிடிபட்டதும் எனக்கும் விளக்கினீர்கள். புரோகிராம் எழுதும் சி மொழியில் ‘இன்ட்’ என்று எழுதினால் முழு எண்ணுக்கு ஓர் இடம் கிடைக்கும். அந்த இடம் எவ்வளவு பெரியது என்பது சிப்புக்குச் சிப் மாறும். பழையதில் இரண்டு பைட், அதாவது பதினாறு பிட்; புதியதில் நான்கு பைட், முப்பத்திரண்டு பிட். சுற்றை எண்ணும் கவுண்ட்டர், பைக் மீட்டரைப் போல, நிறைந்ததும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பிய பிறகும், இப்போதைய எண்ணிலிருந்து ரோல் தொடங்கியபோது இருந்த எண்ணைச் சிறிய இடத்தில் கழித்தபோது விடை சரியாக வந்தது. பெரிய இடத்தில் கழித்தபோது மைனஸில் போய் விழுந்தது. மைனஸில் கிடக்கும் எண் இலக்கை எட்டாது, மெஷினும் நிற்காது.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தவள். எனக்கு இதில் புதிதாக எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை.

“அப்ப உங்க இன்ட் எங்க ‘எம்’ சைஸ் மாதிரிங்களா?”

“எம் சைஸா?”

“ஜெர்மன்காரன் எம் வேற, அமெரிக்காக்காரன் எம் வேறங்க. லேபிளை நம்பி வெட்டினா மொத்தமும் ரிஜெக்ட். அதனாலதான நெஞ்சு இத்தனை சென்டிமீட்டர்னு எழுதி வாங்கறோம்?”

சிரித்துவிட்டீர்கள். “இத்தன வருசமா லேபிளப் பார்த்தே வெட்டிட்டு இருந்திருக்கறன், அம்மிணி.”

தவறிய அந்த ஒரு வரியை அன்றே திருத்தினீர்கள், மெஷின் நின்றது. முதலாளிக்கு அது போதும். உங்களுக்குப் போதவில்லை. யூ16, எஸ்16, யூ32 என்று, எத்தனை பிட் என்ற அளவு தெரியும்படி பெயர்கள் வைத்து, எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் எழுதினீர்கள். நாளை சிப் மாறினால் அந்த ஒரு ஃபைலை மாற்றினால் போதும். ஆனால் அதற்கு, நீங்கள் அதுவரை எழுதிய ஒவ்வொரு இன்ட்டையும் தேடி, அதற்கு எவ்வளவு இடம் தேவை என்று முடிவு செய்ய வேண்டும். உங்கள் இதயம் அதற்குள் களைத்துப்போயிருந்தது. டாக்டர் ஓய்வு என்று சொல்லியிருந்தார்.

அச்செடுத்த தாள்களை நான் வாசிப்பேன். கான்வென்டில் பழக்கியபடி, ஓர் எழுத்தையும் விழுங்காமல், கமாவையும் செமிகோலனையும் உச்சரித்து வாசிப்பேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்டு, “அங்க நில்லு” என்பீர்கள். பார்க்க வந்த உங்கள் தங்கைக்குப் பொறுக்கவில்லை.

“ஏனுங்க நங்கை, அண்ணனச் சித்த படுக்க உடுங்க. மெசினு ஓடிட்டுத்தானே இருக்குது?”

நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். “இப்ப ஓடுது சாமி. நானில்லாதப்ப யாரு வந்து பார்ப்பா? நீ பார்ப்பியா?”

அவள் அழுதாள். நான் அடுத்த தாளை எடுத்து வாசித்தேன். அதற்காக இன்றுவரை வருந்தியதில்லை. கடைசித் தாளை முடித்த பின் நீங்கள் அதிக நாள் இருக்கவில்லை.

பிறகு அந்தச் சிப்பும் கிடைக்காமல் போனது. செல்வி உங்கள் ஃபைலை மட்டும் மாற்றினாள். “வேற எங்கயும் கைவைக்கல மேடம்” என்றாள். இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு நெருப்பெரிச்சல் போய், மெஷின் கணக்காக நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

இப்போது அந்த ஃபைலையே எடுத்துவிடலாமா என்கிறாள். உங்கள் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி பெட்டிக்குள் இருக்கிறது. நீங்கள் விட்டுப்போனவற்றில் இன்னும் தினமும் வேலை செய்வது அந்தப் பெயர்கள்தான். ஆனாலும் ஓர் அளவுக்கு இரண்டு பெயர் எதற்கு? உலகமே படிக்கும் பெயர் இருக்கும்போது, புதிதாக வருகிறவர்கள் முதலில் உங்களைக் கற்றுக்கொள்ள வேண்டுமா? பெயர்கள் மொட்டையாக இருக்கின்றன என்று நான் குறைசொன்ன அன்று, “பார்த்ததும் அளவு தெரியோணும், என்னத் தெரிய வேண்டியதில்ல” என்றீர்கள்.

இன்று காலை சொன்னேன்: “எடுத்துரு கண்ணு. ஆனா ஒவ்வொரு தாளையும் வாசிச்சுப் பார்த்துத்தான் எடுக்கோணும்.”

உங்கள் பெயர்களைப் பொதுப் பெயர்களாக மாற்றியதை அச்செடுத்துக்கொண்டு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். புதிய பெயர்கள் நீளமானவை. நிதானமாகவே வாசித்துவந்தேன். மெஷினை நிறுத்தும் அந்த வரி வந்தபோது, தாளில் புதிய பெயர் இருக்க, என் வாய் யூ16 என்றது. ஒரு கமாவைக்கூடத் தவறவிடாதவள் நான். செல்வி நிமிர்ந்து பார்த்தாள்.

“அளவு ஒண்ணுதான மேடம், மேல வாசிங்க” என்றாள்.

அந்த வரியைத் திருத்தி வாசிக்காமலே அடுத்ததற்குப் போனேன்.