வேண்டாமென்று ஒதுக்கிய பச்சை

1956 மார்ச் 4, ஞாயிறு

சிங்கப்பூரிலிருந்து மைத்துனர் கருணாகரன் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறார். அதற்குள் எங்கள் மோரிஸ் மைனர் கார் இருக்கிறது, இருபத்துநாலில் ஒரு பங்காக. பாதி செதுக்கிய மர உடல், தகரத் துண்டுகள், சட்டைப் பொத்தான் அளவில் ரப்பர் டயர்கள், தொப்பி போட்ட ஓர் ஓட்டுநர், ஒரு தாள் நிறைய ஆங்கில எச்சரிக்கைகள். எல்லாவற்றையும் நாமே ஒட்ட வேண்டுமாம். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: "வியாழக்கிழமை சாயங்காலம் அத்தான் கைக்கு ஒரு வேலை."

என் வியாழக்கிழமைகளின் புகழ் கடலைத் தாண்டிவிட்டது.

மார்ச் 8, வியாழன்

இன்று ஆசகான் நாள்.

எனக்கே எதற்கு விளக்கம்? இருந்தாலும், காத்திருக்கும்போது தெரிந்ததை எழுதுவது நல்லது. என் மனைவி கமலவேணி ரப்பர் தோட்டங்களுக்கு மருத்துவச்சி. தொழிலாளர் லயங்களில் எல்லோருக்கும் அவள் மிஸ்ஸி. மற்ற நாட்களில் டவுனுக்குப் பக்கத்துத் தோட்டங்கள். வியாழன் மட்டும் லேடாங் மலையடிவாரத்தில் ஆசகான். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளுக்கும் பட்டாளத்துக்கும் சண்டை நடக்கிறது. மலாக்காவில் பெரும்பகுதியை வெள்ளைப் பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். வெள்ளை என்றால் சுடப்படாமல் நடமாடலாம் என்று பொருள். ஆசகான் ரோட்டுக்கு அந்தச் சுண்ணாம்பு இன்னும் வந்து சேரவில்லை.

நான் நகராட்சியில் குமாஸ்தா. காரோட்டத் தெரியாது. இருவரும் வெளியே போனால் அவள் ஓட்டுவாள், நான் பின்சீட்டில் இடது ஓரம். முன்கண்ணாடிக்கு அருகில் உட்காரப் பயம் என்பதை, பின்னால் கால் நீட்ட வசதி என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடைக்காரர்கள் என்னைத் தவுக்கே என்கிறார்கள். மிஸ்ஸிக்கு வாய்த்த முதலாளியாம்.

மாலை ஐந்து. மர உடலை உப்புத்தாளால் தேய்த்தேன். ஐந்தரை. தேய்த்தேன். ஆறேகால், ரோட்டு முனையில் அந்த எஞ்சின் சத்தம். உப்புத்தாளைக் கீழே வைத்தேன். கூரையைத் தேவைக்கு மேல் தேய்த்துவிட்டேன். நம் கார் வெயிலில் உருகியதுபோல் இருக்கிறது.

மார்ச் 18, ஞாயிறு

தையல்காரர் டேப்பால் காரை அளந்தேன். பெட்டியில் வந்தது ஏதோ ஒரு மோரிஸ். நான் செய்வது எங்கள் மோரிஸ். ஆகவே வலது மட்கார்டில் மாட்டு வண்டி இடித்த பள்ளம் வேண்டும், வளைந்த பம்பர் வேண்டும், நம்பர் பலகையில் அழிந்துபோன எட்டு வேண்டும். தொப்பிக்கார ஓட்டுநரின் தொப்பியைச் சீவிக் கொண்டையாக்கினேன். மீசை மட்டும் போகவில்லை.

பக்கத்து வீட்டு அன்னபூரணி அம்மா வேலியோரம் நின்று பார்த்தார். மலாக்கா செட்டிகள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருப்பவர்கள். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது மாரியம்மனை. எங்கள் கார் வந்த அன்று நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னவர் அவர்தான். நான் அப்போது மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்து பத்திரிகையில் ஒரு பத்தி எழுதினேன். புனைபெயரில்.

"இதுக்குப் பழம் வச்சாச்சா, சேது?"

"இது பொம்மைம்மா."

"கெரேத்தா கெச்சிக் புன் கெரேத்தா ஜுகா!" சின்னக் காரானாலும் கார்தானாம்.

கோலிக்குண்டு அளவில் நான்கு லீமாவ் கஸ்தூரி எலுமிச்சம்பழங்கள் கொண்டுவந்து வைத்தார். எங்கள் மோரிஸ் அவற்றின் மேல் ஏறமுடியாமல் நின்றது. விரலால் அழுத்தினேன். முன்அச்சு முறிந்தது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 5, வியாழன்

வர்ணம். எங்கள் காரின் பச்சை கடையில் கிடைக்கிற பச்சை இல்லை. கலக்கிப் பார்த்தேன். முதல் ஜாடியில் மஞ்சள் கூடி வாழையிலையாகிவிட்டது, வேண்டாமென்று ஒதுக்கினேன். இரண்டாவது ஜாடி ஏறக்குறைய சரி.

வேணி ஆறரைக்கு வந்தாள். ஆசகானில் அஞ்சலை என்று ஒரு பெண்ணைப் பற்றியே பேசினாள். மூன்றாவது முறையாகப் பிள்ளைத்தாய்ச்சி. முதல் இரண்டும் தங்கவில்லை.

ஏப்ரல் 12, வியாழன்

ஏழு. இல்லை.

ஏழரை. இல்லை. பசைக்குழாயின் மூடியைத் திறந்தேன், மூடினேன். மூளை ஆசகான்வரை ஓடி ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விதமாக. அதன் கற்பனை வளத்தைப் பத்திரிகைக்கு எழுதும்போது ஏன் காணோம்?

யாரைக் கேட்பது? போலீசில் போய் என்ன சொல்வது? என் மனைவி வேலைக்குப் போனாள் என்றா?

வந்துவிட்டாள். இருட்டின பிறகு. எஞ்சின் சத்தம் கேட்டதும் ஓடி வாசலுக்குப் போனவன், அவள் இறங்கும்போது நிலைப்படியில் சாய்ந்து நின்றேன், யதேச்சையாக நிற்பவனைப்போல.

"டயர் பஞ்சருங்க. மாத்திட்டு வந்தேன்."

நெடுநேரம் குளித்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். டயர் மாற்றியவளின் கை அவ்வளவு சுத்தமாக இருந்தது. வேணி எதையும் சுத்தமாகச் செய்பவள்.

ஏப்ரல் 15, ஞாயிறு

காரின் பின்சீட்டுக்குப் புது உறை தைத்துப் போட்டிருக்கிறாள். நீலப் பூப்போட்ட துணி. ரெக்ஸின் கிழிந்துவிட்டதாம். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சொன்னதும் ஏனோ தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏப்ரல் 17, செவ்வாய்

என் சின்னத் தூரிகையை யாரோ எடுத்துக் கழுவாமல் வைத்திருக்கிறார்கள். முடி காய்ந்து குச்சியாகிவிட்டது. வாழையிலை ஜாடி மூடியும் சரியாக மூடவில்லை. பூனையின் மேல் சந்தேகம். ஆனால் பூனைக்குத் திருகுமூடி திறக்க வராது.

ஏப்ரல் 29, ஞாயிறு

பகல் பதினொன்று. எழுதி முடிக்கிறேனா பார்க்கலாம்.

கடைசிப் பூச்சு காய்ந்ததும் நிறத்தை ஒப்பிட, சின்னக் காரை வெளியே எடுத்துப்போய்ப் பெரிய காரின் பின்னால், நல்ல வெயிலில், பிடித்துப் பார்த்தேன். சரியான பச்சை. பெருமையாக இருந்தது. அப்புறம் சாமான் பெட்டிக்கதவின் கீழே, இடப்பக்கம், வெள்ளிக்காசு அளவில் ஒரு வட்டம். பச்சைதான். ஆனால் வேறு பச்சை. மஞ்சள் கூடிய பச்சை.

உலகத்திலேயே அந்தப் பச்சை ஒரே ஒரு ஜாடியில்தான் இருக்கிறது. கலக்கியவன் நான்.

நகத்தால் சுரண்டினேன். சிவப்பாக வந்தது. ரத்தம் என்று நினைத்த முட்டாள் நான். சோப்பு. அவள் மருந்துப்பையில் இருக்கும் சிவப்புச் சோப்பு. சோப்புக்குப் பின்னால் ஓட்டை.

கதவைத் திறந்தேன். நீலப் பூ உறையைத் தூக்கினேன். பின்சீட்டின் சாய்மானத்தில், இடது ஓரம், நார் பிதுங்கிக்கொண்டு, என் சுட்டுவிரல் போகிற அளவுக்கு.

நான் உட்காரும் இடம்.

உறையைப் பழையபடி இழுத்துவிட்டேன். சுருக்கம் இல்லாமல். அவள் பாசாரிலிருந்து வந்தபோது "மீன் என்ன விலை?" என்று கேட்டேன். பதில் காதில் விழவில்லை.

அன்றைக்குப் பஞ்சர் இல்லை. அப்படியானால் அதற்குப் பிறகும் இரண்டு வியாழன் போயிருக்கிறாள். போய், வந்து, எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

மே 3, வியாழன்

ஆபீசில் இருந்தபடியே வாந்தி எடுத்தேன். கருவாட்டின் மேல் பழி போட்டேன். ஊர் முழுக்கச் சுதந்திரப் பேச்சு. அடுத்த வருஷத்துக்குத் தேதி குறித்தாயிற்று, கொடி எப்படி இருக்கவேண்டும் என்று பக்கத்து மேசையில் விவாதம். என்னைக் கேட்டார்கள். நல்ல கொடிதான் என்றேன்.

கேட்டுவிடலாமா? கேட்டால் அது நடந்ததாகிவிடும். இப்போது வரைக்கும் அது சோப்பு.

போகாதே என்று சொல்லலாம். சொன்னால் போவாள். எனக்குத் தெரியும். அப்புறம் சொன்னவனும் மீறினவளும் ஒரே வீட்டில் எந்தப் பக்கம் பார்த்துச் சாப்பிடுவது?

ஆறு பத்து. வந்துவிட்டாள்.

மே 6, ஞாயிறு

நான் செய்வது எங்கள் மோரிஸ். மாட்டு வண்டிப் பள்ளம் இருக்கிறது. பம்பர் வளைவு இருக்கிறது. இதை மட்டும் விட்டால் பொய்.

ஊசியை விளக்கில் காய்ச்சிச் சின்னக் காரின் பின்னால் ஒரு துளை போட்டேன். மரம் கருகிய வாசனை வீடெல்லாம். கை நடுங்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

காரை அலமாரியில் வைத்தேன். முன்பக்கம் வெளியே தெரியும்படி.

மே 13, ஞாயிறு

அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது பிடித்துக்கொண்டிருந்தேன். துணியின் சத்தம் நின்றது.

"ஓட்டை இங்க இல்லீங்க. இன்னும் கொஞ்சம் கீழ."

பேப்பரை இறக்கவில்லை. "அளந்துதான் போட்டேன்."

"அப்ப டேப்பு தப்பு. அடைச்சவ நானு."

அப்புறம் வந்து எதிரில் உட்கார்ந்தாள். சின்னக் கார் அவள் மடியில்.

"யாரு சுட்டது?"

"யாருக்குத் தெரியும்? காட்டுக்காரனோ, பட்டாளமோ. பொழுது சாயிற நேரம். எறங்கிப் போயி கேக்கச் சொல்றீங்களா?"

"பஞ்சர்னு சொன்ன."

"ஓட்டை விழுந்தா பஞ்சர்தானே."

நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. குண்டு பின்சீட்டின் மேலேயே கிடந்ததாம். தோட்டத்து ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, எடுத்து, ரப்பர் மரங்களுக்குள் வீசியிருக்கிறாள். அதற்கப்புறம் கால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"உனக்குப் பயமே கிடையாதுன்னு நெனச்சிருந்தேன்."

"வீட்டுக்கு ஒருத்தரு பயந்தா போதும்னு இருந்தேன்." துணியை மடித்தாள், பிரித்தாள். "சொன்னா போகாதம்பீங்க. அஞ்சலைக்கு ஆனி மாசம். புள்ள தலை திரும்பாம இருக்கு. நான் போகலன்னா அங்க யாரு இருக்கா? வாசல் கூட்டற கெழவி இருக்கு."

"ஏன் அந்த ஜாடி? பக்கத்திலேயே சரியான பச்சை இருந்ததே."

"ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணா? அது வாழையிலை!"

அப்போதுதான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். என்ன செய்வதென்று தெரியாமல் நான் தண்ணீர் கொண்டுவந்தேன், பிறகு அதை நானே குடித்தேன்.

"ஞாயித்துக்கெழமை எனக்கு ஆபீஸ் கெடையாது," என்று யாரோ சொன்னார்கள். அறையில் நாங்கள் இருவர்தான்.

மே 18, வெள்ளி

தோட்டத்து மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஆசகான் இனி ஞாயிற்றுக்கிழமை.

மே 20, ஞாயிறு

விடியற்காலையில் இரண்டு தடவை கழிப்பறை.

பின்கதவைத் திறந்தேன். "முன்னால உக்காருங்க," என்றாள். உட்கார்ந்தேன். முன்கண்ணாடி நினைத்ததைவிடப் பெரியது. உலகம் முழுவதும் அதன் வழியாக நேராக என்மேல் வந்தது.

கிளம்பும்போது சக்கரங்களுக்கு அடியில் ஏதோ சிறிதாக வெடித்தது. வேலியோரம் அன்னபூரணி அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லீமாவ் கஸ்தூரி. நான்கும் நசுங்கினவா என்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். மூடநம்பிக்கையைப் பற்றிப் பத்தி எழுதியவன் எதற்காகப் பார்த்தேன் என்பதை இங்கே எழுதவேண்டிய கட்டாயம் இல்லை. மூன்று நசுங்கியிருந்தன. நிறுத்தச் சொன்னேன். வேணி ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் பின்னால் எடுத்தாள்.

ஜாசின் ஊரையும் தாண்டினோம். ரப்பர் மரங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக, ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலும் ஒருவன். யாரும் இல்லை. ஆனால் அடுத்த வரிசை இருக்கிறதே. மருந்துப்பையை மார்போடு அணைத்துக்கொண்டேன். அவள் பார்வையை ரோட்டிலிருந்து எடுக்காமலே சொன்னாள்: "பை நசுங்குது. உள்ள பாட்டில் இருக்கு."

அவள் கழுத்தில் வியர்வை ஓடுவதைப் பார்த்தேன். இத்தனை வருஷம் பின்னாலிருந்து அவள் கொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 24, ஞாயிறு

பெண். லயத்து வாசலில் மதியத்திலிருந்து காத்திருந்தேன். அஞ்சலையின் புருஷன் எனக்குத் தைரியம் சொன்னான். குழந்தை அழுததும் அவன் உட்கார்ந்துவிட்டான், நான் எழுந்துவிட்டேன். தலை திரும்பவே இல்லையாம், கால்தான் முதலில் வந்ததாம். வேணி கையைக் கழுவிக்கொண்டே வெளியே வந்து, "தவுக்கே, டீ கெடைக்குமா?" என்றாள்.

திரும்பும்போது நல்ல இருட்டு. இருவரும் பயந்தோம். ஒன்றாகப் பயந்தால் பாதியாகும் என்று எண்ணியிருந்தேன். ஆகவில்லை.

1957 செப்டம்பர் 1, ஞாயிறு

நேற்று சுதந்திரம். இன்று ஆசகான்.

இரவு முழுக்க வாணவெடி. ஒவ்வொரு வெடிக்கும் இருவரும் படுக்கையில் எழுந்து உட்கார்ந்தோம், பிறகு கொடியை நினைத்துக்கொண்டு படுத்தோம். விடியும் முன் மழை. பெட்டிக்கதவில் சோப்பு மறுபடியும் கரைந்து ஒழுகியிருந்தது. புதுத் துண்டு வைத்து அடைத்து, வாழையிலைப் பச்சையையே பூசினேன். சரியான பச்சை சின்னக் காரோடு தீர்ந்துவிட்டது. பட்டறையில் கொடுத்தால் ஒரு நாளில் தகரம் வைத்து மூடிவிடுவார்கள். கொடுக்கவேண்டும் என்று இருவரும் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம்.

அலமாரி காலி. சின்னக் கார் போன மாதத்திலிருந்து அஞ்சலையின் மகளிடம் இருக்கிறது. மீசைக்காரியின் கொண்டையை முதல் நாளே கடித்துத் துப்பிவிட்டாள். அதற்குப் பக்கத்தில், மிச்ச மரத்தில் நான் செதுக்கி உட்காரவைத்த கண்ணாடி போட்ட குமாஸ்தாவை மட்டும் ஏனோ தொடவில்லை.

ரோடு வெள்ளையாகிவிட்டதா? தெரியாது. காலையில் கழிப்பறை ஒரு தடவைதான்.

வாசலில் ஹாரன். வேணி முன்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். நான்கு பழங்களையும் வைத்தாயிற்று. இப்போதெல்லாம் நான்தான் வைக்கிறேன்.