காய்ந்த கால்வாயில் தண்ணீர்ச் சத்தம்

மொரேலியா,
3 நவம்பர் 1957

அன்புள்ள அன்செல்மோவுக்கு எலோதியா எழுதுவது. நானும் நீவெஸும் சுகம். உங்கள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். மறுநாள் பாலைவனம் வழியே நடந்து அமெரிக்க எல்லையைத் தாண்டப்போவதாக ஏப்ரலில் எழுதினீர்கள், அதோடு சரி. நீங்கள் வந்து சேரவேயில்லை என்கிறார் அங்கிருக்கும் உங்கள் தம்பி. இருந்தாலும் அவர் விலாசத்துக்கே இதை அனுப்புகிறேன்.

நம் வீட்டை ஒட்டிய கல் தூணில் சாரம் கட்டி, வளைவுகளின் உச்சியில் முன்பு ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்த கால்வாயில் மண் அள்ளுகிறார்கள். ஊருக்குக் குழாய் வந்த பிறகு அதில் ஏது தண்ணீர்? "உள்ள எலும்பாட்டம் காஞ்சு கெடக்கு தாயி" என்றார் மேஸ்திரி. ஆனால் நேற்றிலிருந்து தூணில் காது வைத்தால் தண்ணீர் ஓடுவது கேட்கிறது. சிரிக்காதீர்கள்.

பஞ்சத்தில் பசித்த சனத்துக்கு வேலை கொடுக்க பிஷப் எழுப்பிய வளைவுகள் அல்லவா? கல் சுமந்து விழுந்து செத்தவர்களுக்காக, கல்லறைத் திருநாளுக்கு முந்தைய இரவே வழக்கம்போல் தூணடியில் தண்ணீர் வைத்தேன். வீட்டுப் படையலில் மூன்று குவளை: உங்கள் அப்பா, அம்மா, நம் சின்னவன்.

நேற்றுக் காலை பார்த்தால் நான்கு குவளை. நீவெஸ் செய்த வேலை. "அப்பாவும் ரொம்ப தூரம் நடக்குறாருல்ல, தாகமா இருக்காதா?" என்கிறாள். செத்தவர்களுக்கு வைக்கும் இடத்தில் உயிரோடிருப்பவருக்கு வைப்பார்களா? ஓங்கி ஓர் அறை விட்டேன். பிறகு நானும் அழுதேன்.

மூன்று குவளையும் வைத்தபடி இருந்தன. அவள் வைத்தது மட்டும் காலி. எதிர்வீட்டு ஒதிலியா அக்கா, "பூனை குடிச்சிருக்கும்டி, போய் வேலையப் பாரு" என்றாள். நிரப்பிவிட்டு ரொட்டி வாங்கப் போய் வந்தேன். மறுபடி காலி. மதியத்துக்குள் ஐந்து முறை ஊற்றிவிட்டேன். அக்கா அதன்பின் பூனையைப் பற்றிப் பேசவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

இன்று படையலை எடுத்து, வந்த ஆத்மாக்களை வழியனுப்ப வேண்டும். எல்லா வீட்டிலும் எடுத்துவிட்டார்கள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் உங்களையும் அனுப்பிவைத்தது போலாகிவிடுமே, எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் அங்கே இருந்தால் ஒரே ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டியாவது எழுதுங்கள். இல்லை, இங்கேதான் வந்திருக்கிறீர்கள் என்றால், அவசரப்படாமல் வயிறு நிறையக் குடியுங்கள். குடத்தில் இன்னும் இருக்கிறது.

மாதா உங்களைக் காக்கட்டும்.

இன்னும் விதவைக் கறுப்பு உடுத்தாத
உங்கள் எலோதியா