முப்பத்துநாலாம் நம்பர்

நவ. 13, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. அனகாபுத்தூர் தெருவில் கணுக்கால் தண்ணீர். செருப்பைக் கையில் பிடித்தபடி பஸ் ஸ்டாப். போன வருஷம் மாதிரி ஆறு வீட்டுக்குள் வராமல் இருந்தால் சரி.

பெருங்களத்தூர் ஆபீஸில் புது வேலை. அமெரிக்காவில் ஒரு காலேஜ் டீம், அவர்கள் சீசன் முழுக்க ஆடிய ஆட்டங்கள் டிவிடியில். ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்ளும் ஃபுட்பால். காலால் உதைப்பதே அபூர்வம், பேர் மட்டும் ஃபுட்பால். யார் ஓடினான், எத்தனை யார்டு, யார் சாய்த்தான், பார்த்துப் பார்த்து டைப் செய்ய வேண்டும். கூரியரில் முதலில் வந்தது ஆறாவது ஆட்டம். மற்றவை வரும்போது வருமாம். நல்ல ஒழுங்கு.

34ஆம் நம்பர் பையன் பிரமாதமாக ஓடுகிறான். கடைசியில் ஒருவன் வந்து முட்டினான். பெரிய இடிகூட இல்லை. விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஸ்ட்ரெச்சர். 

பிழைத்தானா என்று சூப்பர்வைசர் பிரபா சாரிடம் கேட்டேன்.
"கிளையன்ட்டுக்கு இதையெல்லாமா மெயில் போடுறது? அடுத்த ப்ளே பாரும்மா."

நவ. 14, செவ்வாய்
தூறல். தம்பி முரளி காலேஜிலிருந்து வந்து, வீடு மாறிப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றான். "இன்னாடா, பொண்ணு பாக்க வந்தியா?" என்றேன். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனும் சிரித்தான்.

சனிக்கிழமை கபடி மேட்சில் எவனோ முழங்காலால் அவன் தலையில் இடித்தானாம். வெள்ளிக்கிழமை செமி ஃபைனல். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வாங்க: தைலம், துவரம்பருப்பு, மெழுகுவர்த்தி.
கண்ணை மூடினால் 34.

நவ. 16, வியாழன்
மழை விட்டது. ஐந்தாவது ஆட்டம் இன்றுதான் வந்தது. 34 ஓடுகிறான். அடுத்த ஆட்டத்தில் விழப்போவது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. 

பாதி ஆட்டத்தில் தலையில் ஓர் அடி. எழுந்தான். எழுந்து, எதிர் டீம் உட்கார்ந்திருக்கும் பக்கம் நடந்தான். ரெஃப்ரி தோளைப் பிடித்துத் திருப்பி அனுப்பினார். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவனும்.

பக்கத்து வீட்டுக் கதவு. நாங்களும் சிரித்தோமே.

அரை நாள் லீவு சொன்னேன். பிரபா சார் என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. வீட்டுக்கு ஓடி, "கெளம்புடா, ஸ்கேன் எடுக்கலாம்."
"இன்னாக்கா பேஜார் பண்ற! தலவலி தான் கீது. நாளைக்கு செமி. நான் இல்லன்னா ரைடு யாரு போவா?"
அம்மா: "வெளாடுற புள்ளைக்கு அடிபடாதா? ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதாடி?"

34 பற்றிச் சொன்னேன். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முரளி சட்டையை மாட்டினான்.

ஸ்கேனில், மண்டைக்குள் ரத்தக் கசிவு. கொஞ்சம்தான். இன்னொரு இடி விழுந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். இனி கபடியே கூடாது என்றார்.

நவ. 18, சனி
வார்டு. நேற்று முரளி டீம் தோற்றுவிட்டது. "உன்னாலதான்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். அம்மா நிமிஷத்துக்கு ஒருமுறை அவனுக்குத் திருநீறு பூசுகிறாள். என்னோடு பேசவில்லை, ஆனால் என் தட்டில் இரண்டு இட்லி கூடுதல்.

தோற்றால் தோற்கட்டும்.

நவ. 20, திங்கள்
மேகமூட்டம். இரண்டு டிவிடி சேர்ந்து வந்தன. ஏழாவது ஆட்டம், முதலாவது ஆட்டம்.

ஏழாவதில் 34 இல்லை. ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் 34 என்று ஸ்டிக்கர். பெரிய திரையில் அவன் போட்டோ. அத்தனை கூட்டமும் தலை குனிந்து நிற்கிறது. செத்துவிட்டான். இனி யாரையும் கேட்க வேண்டாம். பாத்ரூமில் போய் அழுதேன்.

மத்தியானம் முதலாவதைப் போட்டேன். நல்ல வெயில். 34 சிரித்துக்கொண்டே வருகிறான். பந்தை வாங்கி ஓடினான். பன்னிரண்டு யார்டு. டைப் செய்தேன்.

சாயங்காலம் வார்டு. முரளி இன்றுதான் முகம் கொடுத்தான்.
"யக்கா, அந்த முப்பத்துநாலு இன்னா ஆனான்? பொழச்சானா?"
"இன்னிக்குக்கூட ஓடுனான்டா. பன்னெண்டு யார்டு."
எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் எத்தனை நாளைக்குப் பிறகு சிரிப்பு.
"பாத்தியா! டாக்டர் சும்மா பயமுறுத்துறாருக்கா. அடுத்த சீசன் நானும் எறங்குறேன்."