ஃபேன் நின்ற நேரத்தில் இரண்டு பக்கம்

ஆடி 3, சனி

விடிந்ததிலிருந்து காற்று. பார் அடுப்படியில் சட்டிக்குள் மண் விழாமல் மூடி மூடி வைப்பதே எனக்குப் பாதி வேலை.

வெட்கத்தை விட்டு ஒன்று எழுதுகிறேன். இன்று பார் திறக்கும் முன், முட்டைத் தட்டுக்கு எதிரே நின்று, நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்தேன். முட்டைகள் மரியாதையாகக் கேட்டன. ஒன்றுகூடச் சிரிக்கவில்லை. நாளைக்கு மனுசர் முன்னால் வாசிக்க வேண்டும். அதற்குத்தான் பழக்கம்.

ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு மேல் பாரில் கூட்டம் இருக்காது. அப்போது தங்கராசு சாரும் பூலோகம் அண்ணாச்சியும் வந்து, தாங்கள் எழுதியதை வாசிப்பார்கள். சார் தாலுகா ஆபீஸ், கவிதை. அண்ணாச்சிக்குப் பனவடலிசத்திரத்தில் ஆட்டு வியாபாரம், எழுதுவது நாவல். சொந்தச் செலவில் புத்தகம் போட்டு மஞ்சள் பையில் தூக்கி அலைகிறவர்கள். டீக்கடையில் விரட்டிவிட்டார்கள். எங்கள் முதலாளி விரட்டவில்லை. வாசிப்பு நீள நீள, கேட்கிறவர்கள் இன்னொரு குவார்ட்டர் வாங்குகிறார்கள்.

ஒரு வழக்கம் உண்டு. வாசிக்கிறவர் எழுந்ததும் ஃபேனை நிறுத்த வேண்டும். ஓடினால் அந்தக் கடகட சத்தத்தில் கவிதை கேட்காது, தாளும் பறக்கும். சுவிட்ச் என் அடுப்புக்குப் பக்கத்தில். நிறுத்துகிறவன் நான். இதுவரை இலக்கியத்துக்கு நான் செய்தது அவ்வளவுதான்.

முதலாளி சொல்லிவிட்டார். டாஸ்மாக் கடை பைபாஸ் பக்கம் போகிறது. அங்கே பார் கிடையாது. அடுத்த ஞாயிறோடு சரி. ஆக எனக்கு இரண்டே ஞாயிறு.

ஆடி 4, ஞாயிறு

வாசிக்கக் கிடைக்கவில்லை.

முதலில் சார். மழையைப் பற்றி மூன்று கவிதை. வாய் சும்மா இருக்கவில்லை எனக்கு. "சார், இந்த மழை எந்த ஊர்ல பெய்யுது? நம்ம ஸ்டாண்டுல இருந்து பஸ் போகுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். சாரும்.

அடுத்து அண்ணாச்சி, ஒன்பதாம் அத்தியாயம். நாலாவதில் தொலைந்த ஆட்டை இன்னும் தேடுகிறார்கள். "அண்ணாச்சி, அதைத் தேடாதேயும். போன வாரமே வறுத்து வித்தாச்சு" என்றேன். அதற்கும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பு அடங்கும் முன்னே, நானும் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன், வாசிக்கட்டுமா என்று கேட்டேன். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

"என்ன மாஸ்டர், ஆஃப்பாயில் போடுறது எப்படின்னா?" இது சார்.

"இல்ல சார், நெசமாத்தான் சொல்லுதேன்."

"மாஸ்டர் மூஞ்சிய உம்முன்னு வச்சாத்தான்வே சிரிப்பு தாங்கல." இது வெல்டிங் பட்டறை குமார். அவன் எழுதுகிறவன் இல்லை, கேட்கிறவன். அதாவது குடிக்கிறவன்.

நானும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தேன். அங்கேதான் கெட்டது. அதற்குள் ஆம்லெட் கேட்டார்கள், ஃபேனைப் போடச் சொன்னார்கள், போட்டேன்.

ஆடி 5, திங்கள்

காற்று. தலைவலி. இஞ்சி வாங்க மறந்தாச்சு.

பேச்சியிடம் புலம்பினேன். என் வீட்டுக்காரி, ஆறுதல் சொல்லுவாள் என்று பார்த்தால்: "வருசம் பூரா ஊரைக் கேலி பண்ணுதீரு. என் தங்கச்சி மாப்பிள்ளை வழுக்கையக்கூட விடல. இப்ப வந்து நெசம்னா எவன் நம்புவான்?"

"ஏட்டி, நீயாவது நம்புதியா?"

"என்ன எழுதியிருக்கீரு, அதைச் சொல்லும் முதல்ல."

சொல்லவில்லை. மகன் முருகனைக் குவைத்துக்கு அனுப்பத் திருவனந்தபுரம் போனேனே, அதைத்தான் எழுதியிருக்கிறேன். அவள் அன்று வரவில்லை. ஏர்போர்ட் வாசலில் புது ஷூவை மாட்டிக்கொண்டு, பழைய செருப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான் பயல். என் கால் சின்னது. இருந்தும் ஊர் வந்து சேரும் வரை அந்தச் செருப்பைத்தான் போட்டிருந்தேன். என்னுடையது பைக்குள். இதை எந்த வாயால் அவளிடம் சொல்ல? வாசிக்கிறது என்றால் தாளைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஆடி 8, வியாழன்

சிவகிரியில் ஹோட்டல் வேலை ஒன்று இருக்கிறதாம். புரோட்டாவுக்கு. விசாரிக்க வேண்டும்.

முருகன் போன் போட்டான். தானே சாம்பார் வைத்தானாம். "அதை அங்கன ரோட்டுக்கு ஊத்துனா தார் மிச்சம்லே" என்றேன். சிரித்தான். வேறு ஏதோ சொல்லத்தான் போனை வாங்கினேன். பேச்சி பிடுங்கிக்கொண்டாள்.

ஆடி 10, சனி

ஆட்டுச் சந்தையில் இருந்து அப்படியே அண்ணாச்சி பாருக்கு வந்தார். தனியாக. விடவில்லை.

"அண்ணாச்சி, சிரிக்காம கேளும். நாளைக்கு நான் வாசிக்கணும்."

"கேலிதானவே?"

"இல்ல."

"சத்தியமா?"

"சத்தியமா அண்ணாச்சி."

அதற்கும் சிரித்தார் மனுசன். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, நீரே முதல்ல வாசியும். நான் பத்தாவதைக் குறைச்சுக்கிடுதேன்." ஒரு வரி குறைக்காத ஆள். அவருக்கு இன்று ஈரலில் நல்ல துண்டாகப் பார்த்து வைத்தேன்.

ஆடி 11, ஞாயிறு

கடைசி ஞாயிறு. வெக்கை, கூடவே காற்று.

ஈரலைச் சிறு தீயில் வைத்து, ஃபேனை நானே நிறுத்தி, கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

"என் மகனை பிளேன் ஏத்திவிடப் போனேன்" என்றதும் சிரித்தார்கள். இதில் என்ன சிரிப்பு என்று கேட்டேன். இன்னும் சிரித்தார்கள். கோபம். தலையைத் தூக்காமல் வாசித்தேன். அவன் உள்ளே போகும் வரை நான் கேலி பேசிக்கொண்டே இருந்தது, அவன் ஒன்றுக்கும் சிரிக்காதது, கண்ணாடிக் கதவு மூடியது. முதல் பக்கம் முடிந்தது. நிமிர்ந்தேன். குமாரின் தம்ளர் பாதி வழியில் நின்றது. சார் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். அண்ணாச்சி, "மேல படியும்" என்றார் மெதுவாக.

மீதி செருப்புதான். இரண்டாம் பக்கத்தை மேலே எடுத்தேன்.

சிவகிரி பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு வெளியூர்க்காரர், நம் வழக்கம் தெரியாதவர், வெக்கை தாங்காமல் எழுந்துபோய் சுவிட்சைப் போட்டார். என் விரலில் எண்ணெய். தாள் வழுக்கிப் பறந்து ஈரல் சட்டிக்குள் இறங்கியது.

மனதில் இருப்பதைச் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு: "இன்னும் உப்பு போடல, பொறுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணாச்சி பத்தாம் அத்தியாயத்தை எடுத்தார். நான் போய் ஃபேனை நிறுத்தினேன்.

கைக்கு வந்த வரை தாளை எடுத்துவிட்டு ஈரலைக் கிளறி இறக்கினேன். எல்லாம் விற்றது. வெளியூர்க்காரர் மட்டும் இன்னொரு பிளேட் கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன்.