ஒளி போன பெயின்ட்

ஏய் பூனைக்கண்ணா,

ஆற்றுப் பாலம் இடிந்து விழுந்த வருஷம், உன் மூத்தவன் பிறந்த வாரம், கடிகாரக் கம்பெனியை மூடிவிட்டு முதலாளி நம் நாலு பேரையும் மண்வெட்டி எடுக்கச் சொன்னார். கடிகார முள் இருட்டிலும் தெரியப் பூசுகிற ரேடியம் பெயின்ட் டப்பாக்களைப் பின்பக்கம் புதைத்தோம். குழிக்குள் பச்சையாக மின்னியது. "நிலாவையே பொதைக்கிறோம்டா" என்று சிரித்தவன் நீ.

இப்போது அங்கே பள்ளிக்கூடம் கட்டப்போகிற காண்ட்ராக்டர் அதே மூத்தவன். அது வெறும் சுவர் பெயின்ட் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னாயாமே!

தோண்டியெடுத்த ஒரு டப்பாவைப் பற்றி அவனும் என்னிடம் வாதாடினான். "ரேடியம்னா மின்னணுமே பெரியப்பா? இருட்டுல வெச்சுப் பாத்துட்டேன், செத்துக் கெடக்கு."

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள், அறிவியல் டீச்சர். "செத்தது கூடக் கலந்த ஒளிப்பொடிதான் மாமா. ரேடியம் பாதியாக் குறையவே ஆயிரத்து அறுநூறு வருஷம் ஆகும். தூசியா உள்ள போனா எலும்புல தங்கிடும்" என்றாள்.

எலும்பு என்றதும் எழுந்து வெளியே போய்விட்டேன். கம்பெனியில் அந்த பெயின்ட் தூரிகையை நாக்கில் வைத்துக் கூராக்கியவள் என் வீட்டுக்காரி. அவள் தாடை எலும்பு அழுகிப்போனதை நீயும் பார்த்தவன்தானே.

திங்கட்கிழமை இயந்திரம் வரும்போது குழிமேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். என்னையும் சேர்த்துத் தோண்டட்டும், பார்க்கலாம்!

கிழவன் உளறுகிறான் என்பார்கள். நெட்டையன் போய்விட்டான். கணக்கரும் போய்விட்டார். புதைத்தவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பது நீ ஒருத்தன்தான், பூனைக்கண்ணா.

இப்படிக்கு,
அந்தக் குழியில் உன்னோடு நின்றவன்