நெனப்பு கம்மி

ஜனவரி 9, வியாழன்

குழந்தை இயேசு கோவிலில் நல்ல கூட்டம். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தால், அடுப்பில் பால் வைத்ததை மறந்து ஐரின் ஜன்னலோரம் நிற்கிறாள். பாத்திரம் கரி. "எப்பம்மா வச்சேன்?" என்று என்னையே கேட்கிறாள். என் கல்யாணப் பந்தலில் சின்ன நாத்தனார் என்ன நிறப் புடவை கட்டி வந்து என்ன சொன்னாள் என்பது இன்றும் என் காதில் இருக்கிறது. என் வயிற்றில் பிறந்தவளுக்குக் காலையில் நடந்தது இல்லை.

ஜனவரி 17, வெள்ளி

பேத்தி கேரல் பிரேசர் டவுனில், ஐரினின் மாமியார் டோரதி வீட்டில்தான் இருக்கிறாள். ஐரின் மாத்திரைப் பழக்கத்தில் கிடந்தபோது தூக்கிக்கொண்டு போனவள் டோரதி. வெள்ளிக்கிழமை மட்டும் பள்ளியிலிருந்து ஐரின் இங்கே அழைத்து வருவாள். இன்று போகவே இல்லை. மறந்துவிட்டாளாம். பிள்ளை கேட்டிலேயே நின்றிருக்கிறது.

டோரதி போனில், "மறுபடி ஆரம்பிச்சிட்டாளா சம்மந்தி? இனிமே வெள்ளிக்கிழமையும் கிடையாது" என்றாள்.

ஜனவரி 18

ஐரினின் பையைத் துழாவினேன். தலையணை உறை, அரிசி டப்பா கூட. ஒன்றுமில்லை. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "இல்லம்மா" என்றாள், அவ்வளவுதான்.

நம்பட்டுமா? முதுகுவலிக்கென்று ஆரம்பித்த மாத்திரை, பிறகு பொடித்துக் கரைத்து ஊசியில். அப்போதும் இதே "இல்லம்மா"தான்.

ஜனவரி 22

நாக்குக்கடியில் வைக்கும் மருந்து வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதை வைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பழக்கம் விட்டது என்று நம்பியிருந்தேன். டாக்டர் புதுசு, சிந்து என்று பெயர், கன்னடக்காரப் பெண். என்னிடம் கன்னடத்திலேயே பேசியிருந்தால் வம்பில்லை. இந்த ஊருக்கு வந்து ஐம்பது வருடமாகப் பேசுகிற மொழி. எனக்காகத் தமிழில் கேட்டாள். "இவங்களுக்கு நெனப்பு எப்படிம்மா? கம்மி ஆயிடுச்சா?"

நெனப்பு என்றால் அந்தப் பாழாய்ப்போன மாத்திரை நெனப்பு என்றுதானே எடுத்துக்கொள்வேன்? என்னதான் சந்தேகமிருந்தாலும் வெளியார் முன்னால் மகளை விட்டுக்கொடுப்பேனா?

"ரொம்பக் கம்மி டாக்டர். இப்பல்லாம் சுத்தமா இல்ல."

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எவ்வளவு நாளாக என்று கேட்டாள். ஆறு மாசமாச்சு என்றேன், இன்னும் பெருமையாக. உடனே ஐரினிடம் திரும்பி மாதவிலக்கு வருகிறதா என்றாள். இரண்டு வருடமாக இல்லையாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கள்ளி. சிறுநீர், ரத்தம் எல்லாம் எடுத்தார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஐரின் சிரிக்க ஆரம்பித்தாள். "அவங்க கேட்டது ஞாபகசக்திம்மா. கன்னடத்து நெனப்பு." கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இவள் சிரித்து எத்தனை நாளாயிற்று. எனக்கு மானம் போச்சு. பொண்ணுக்கு மூளையே இல்லைன்னு நானே சாட்சி சொல்லிட்டு வந்திருக்கேன்.

பிப்ரவரி 3

சிறுநீரில் ஒன்றுமில்லை. அவள் தொடவே இல்லை.

கோளாறு வேறு. மூளைக்குள் ஒரு சுரப்பி இருக்கிறதாம், உடம்புக்கு உத்தரவு போடுவது அதுதானாம். வருடக்கணக்கில் அந்த மாத்திரை அதை அமுக்கியே வைத்திருக்கிறது. அதனால்தான் மாதவிலக்கு நின்றது. தைராய்டும் கம்மி. ஞாபகம் மங்கினதில் இதற்கெல்லாம் பங்கு இருக்கலாம், மருந்து கொடுத்துப் பார்ப்போம், மெதுவாகத்தான் தெரியும் என்றாள் டாக்டர். இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு மொழியிலும் கேட்டுக்கொண்டேன்.

சோம்பேறி, பொய்க்காரி என்று இந்த ஆறு மாதம் அவளை என்னவெல்லாம் பேசினேன். ஏன்டி கண்ணு, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? அவளுக்கே தெரியாமல் என்ன சொல்வாள்.

பிப்ரவரி 4

டோரதியிடம் போனில் சொன்னேன். "ஹார்மோனா? நல்லா கதை கட்டுறீங்க" என்றாள். இருக்கட்டும். இதுவும் கணக்கில் சேரும்.

மார்ச் 11

காலையில் ஐரின் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெயிலில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து. தவக்காலம் என்று பாராமல் ஈரல் வாங்கி வந்து மிளகு போட்டு வறுத்தேன். ஆண்டவர் புரிந்துகொள்வார்.

ஏப்ரல் 6

குடையைப் பஸ்ஸில் விட்டு வந்தாள். திட்டவில்லை. விட்டது எந்த பஸ் என்று அவளுக்கு நினைவிருக்கிறதே.

மே 3, சனி

டோரதி கேரலைக் கூட்டி வந்தாள். ஒரு மணி நேரம்தான் என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினாள். நான் டீ போட்டேன், இஞ்சி நன்றாகத் தட்டிப் போட்டு.

டோரதி வாயில் வைப்பதற்குள் ஐரின் கிளாஸை வாங்கிவிட்டாள். "அத்தைக்கு இஞ்சி ஆகாதும்மா. போன வாரம் போன்ல சொன்னாங்களே, வயித்துல புண்ணு, டாக்டர் நிறுத்தச் சொல்லிட்டார்னு." வேறு டீ போட்டுக் கொடுத்தாள். இப்போது எரிச்சல் பரவாயில்லையா என்றும் விசாரித்தாள்.

டோரதி டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்தபோது கேரலைக் கூப்பிடவில்லை.

"லீவு முடியற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். துணியைக் கொடுத்தனுப்பறேன்." என்னிடம் இல்லை, ஐரினிடம் சொன்னாள்.

தாயும் மகளும் ஒருவர் தலையை ஒருவர் பின்னிக்கொண்டு உள்ளே என்னவோ சிரிக்கிறார்கள்.

அந்த இஞ்சி விஷயம் போனில் என் காதிலும்தான் விழுந்தது. மறந்தா போட்டேன்?