பரிதிவட்டம் எறிய மறுத்த உனக்கு

மேசையில் கிடக்கிற அழைப்பிதழில் அச்சு மை இன்னும் மணக்கிறது. உன் பெயரில் நம் விளையாட்டுக் கழகம் நடத்தவிருந்த போட்டி. நடுவில் உன் படம், அதன் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: “தோள் வலியையும் பொருட்படுத்தாமல் பரிதிவட்டம் எறிந்த வீரமங்கை.”

பொய். பச்சைப் பொய். இதை எழுதச் சொன்ன செயலாளருக்கே அது தெரியும். டெங்குக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பதில் சொல்ல நீ இல்லை என்ற துணிவில்தான் இதைப் போட்டிருக்கிறார்கள்.

நீ வாழைச்சேனையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாய். தன்னாமுனை மைதானத்தில் மற்றவர்கள் வந்ததும் வராததுமாக எறியத் தொடங்கிவிடுவார்கள். நீ மட்டும் அரை மணித்தியாலம் அந்த ஒரு கிலோ வட்டைத் தொடமாட்டாய். கணுக்கால், இடுப்பு, முதுகு என்று ஒவ்வொன்றாக இளக்குவாய். பிறகு பழைய சைக்கிள் டியூப்பைக் கோல் கம்பத்தில் கட்டித் தோளை இழுத்து இழுத்துப் பழக்குவாய். ஆஸ்பத்திரியில் பிசியோ மிஸ் சொல்லித் தந்ததை ஒருநாளும் விட்டதில்லை. “டான்ஸ் முடிஞ்சிதா?” என்று செயலாளர் கேட்பார். எல்லோரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

“உங்கட மோட்டார் சைக்கிளயும் காலையில ரெண்டு நிமிசம் ஓடவிட்டுத்தானே சேர் எடுக்கிறீங்க?” என்று ஒருநாள் திருப்பிக் கேட்டாய். அவருக்கு அது பிடிக்கவில்லை. அன்றிலிருந்தே உன்மேல் கறுவிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், மாகாணப் போட்டிக்கு முந்தின வாரம் உன் தோள் வீங்கிவிட்டது. ஆறு வாரம் எறியக்கூடாது என்று பிசியோ மிஸ் எழுதித் தந்த துண்டை நீ செயலாளரிடம் நீட்டினாய். அவர் அதை வாசிக்கவேயில்லை.

“ஒரு ஊசி போட்டா சரி.”

“ஊசி நோவத்தான் சேர் எடுக்கும். உள்ளுக்கு கிழிஞ்சத ஒட்டாது. எனக்கு ஏலாது.”

எங்கள் எல்லோர் முன்னாலும் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றார். பட்டியலில் உன் பெயரை வெட்டி, அந்த இடத்தில் என் பெயரை எழுதினார். என் முழங்கால் ஒரு மாதமாக நொந்துகொண்டிருந்தது. அது உனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. பஸ்ஸுக்குப் போகும் வழியில் நீ என் கையைப் பிடித்து, “எறியாத புள்ள. சுழண்டு கிறுகக்குள்ள அந்தக் கால்தான் முழுப் பாரத்தையும் தாங்கும்,” என்றாய். நான் கையை உதறிவிட்டு, “உனக்குப் பொறாமை,” என்றேன். அந்தச் சொல்லுக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதேயில்லை. நீயும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

போட்டியன்று தூறல். எறிகிற சீமெந்துத் தளம் நனைந்திருந்தது. மூன்றாவது எறியில் சுழன்றபோது, வழுக்கிவிடுமோ என்று அழுத்தி ஊன்றிய பாதம் நின்ற இடத்திலேயே நிற்க, முழங்கால் மட்டும் திரும்பியது. உள்ளே ஏதோ அறுந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் விழுந்து கிடக்க, செயலாளர் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “கொடி வெள்ளையா, சிவப்பா?” எறி செல்லுமா என்பதுதான் அவருடைய கவலை. சிவப்புக் கொடி. அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை.

கழகத்திலிருந்து ஒருவர்கூட வீட்டுக்கு வரவில்லை. நீதான் வந்தாய், வீங்கின தோளோடு பஸ் ஏறி, ஒருநாள் விட்டு ஒருநாள். “அப்பவே சொன்னன்” என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து, அதை அழுத்தச் சொல்லுவாய். நோவில் நான் அழுவேன். “அழு, ஆனா எண்ணிக்கொண்டு அழு. பத்து மட்டும்,” என்பாய். எனக்கு அழுகைக்குள் சிரிப்பு வந்துவிடும். இன்று நான் நொண்டாமல் நடக்கிறேன் என்றால் அது உன்னால். எறிய மட்டும் முடியாது.

உன் தோள் ஆறியது. ஆறும்வரை நீ பொறுத்திருந்தாய், அதனால் ஆறியது. அடுத்த வருடம் வேறொரு கழகத்துக்காக எறிந்து முதலிடம் வந்தாய். அந்த வெற்றியையும் இப்போது இவர்கள் அழைப்பிதழில் தங்களுடையதாகப் போட்டிருக்கிறார்கள்!

அழைப்பிதழோடு செயலாளரிடம் போனேன்.

“செத்த புள்ளயப் பெருமைப்படுத்தித்தானே போட்டிரிக்கி? இதுல என்ன பிழை?”

“அவ நோவோட எறியல்ல சேர். ஏலாதெண்டு சொன்னவ. அதுக்குத்தான் நீங்க அவட பேர வெட்டினீங்க.”

“அதையெல்லாம் அச்சடிக்க ஏலுமா?” என்று சிரித்தார்.

மறுநாள் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அம்மா உட்காரவில்லை. “என்ட மகளப் பயந்தவள் எண்டு சொன்ன வாயால இப்ப அவள்ட பேரச் சொல்லாதீங்க. அந்தப் பேர எடுங்க,” என்றார். குரல் உயரவேயில்லை. செயலாளர் கதிரையைக் காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் எடுத்துவிட்டார்கள். போட்டி நடக்கும், உன் பெயரும் படமும் இல்லாமல்.

என் கால் ஆறினபின் சின்னப் பிள்ளைகளுக்காக நாம் இருவரும் இதே மைதானத்தில் தொடங்கிய காலைப் பயிற்சியை நான் விடவில்லை. எறிகிற பிள்ளைகளுக்கு உடம்பை இளக்க, நீ செய்து காட்டிய அதே வரிசையில் இப்போது நான் செய்து காட்டுகிறேன். நேற்று ஒருத்தி டியூப்பை இழுக்கும்போது முகத்தைச் சுளித்தாள். கேட்டால் ஒன்றுமில்லை என்றாள். விடாமல் கேட்டேன். “தோள் நோவெண்டு சொன்னா பேர வெட்டிருவாங்க, அக்கா,” என்று அழுதாள். இத்தனை வருடத்தில் இந்த மைதானத்தில் ஒன்றுமே மாறவில்லையா?

அவளைக் கூட்டிக்கொண்டு நேரே செயலாளரிடம் போனேன். இந்தப் பிள்ளை தோள் ஆறும்வரை எறியமாட்டாள், ஆறினதும் இவள் இடம் இவளுக்கு இருக்கவேண்டும், இல்லையென்றால் மற்றப் பிள்ளைகளின் பெற்றோரையும் கூட்டிக்கொண்டு வருவேன் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீயும் அவளப் போலத்தான் கதைக்கிறாய்,” என்றார்.

“ஓம் சேர்,” என்றேன்.